மாமாதானே?

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், ‘2020ல் சுரேஷ் ரெய்னா விஷயத்தில் நானும் ஒரு தலைப்பு வைத்தேன், இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். விடுவீர்களா? இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். மற்ற கேள்விகள் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: ஐ.பி.எல். ஆட துபாய் போன ரெய்னா, ஓட்டலில் பால்கனி வைத்த ரூம் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பினார் என்றுதான் எங்கள் ஊர் சலூனில் இன்றைக்கும் பேச்சு. நிஜம் என்ன? நீங்கள் வைத்த தலைப்பு என்ன?
(வாசகர், பரமக்குடி)

பதில்: முதலில் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 15 சாயங்காலம், சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு என்று தோனி அறிவித்தார். கொஞ்ச நேரத்திலேயே ரெய்னாவும். சேப்பாக்கம் பயிற்சி முகாமுக்காக இரண்டு பேருமே அப்போது சென்னையில் இருந்தார்கள். 19ஆம் தேதி நள்ளிரவில், பஞ்சாபில் பதான்கோட் பக்கம் தரியால் என்ற கிராமத்தில் ரெய்னாவின் அத்தை வீட்டுக்குள் ஒரு கொள்ளைக் கும்பல் புகுந்தது. தூக்கத்தில் இருந்தவர்களை அடித்துப் போட்டது. மாமா செத்துப்போனார். அத்தையும் பிள்ளைகளும் படுகாயத்தோடு ஆஸ்பத்திரியில். 21ஆம் தேதி சி.எஸ்.கே. துபாய்க்கு விமானம் ஏறியது, ரெய்னாவும் போனார். ஒரு வாரத்தில் அணிக்குள் கொரோனா, இரண்டு வீரர்கள் உட்பட 13 பேருக்கு. 29ஆம் தேதி, அணியின் ட்விட்டர் பக்கத்தில் தலைமை நிர்வாகி காசி விஸ்வநாதன் பெயரில் இரண்டே வாக்கியம் வந்தது. சொந்தக் காரணங்களுக்காக ரெய்னா இந்தியா திரும்பிவிட்டார், மீதி சீசனுக்கு இருக்க மாட்டார் என்பது முதல் வாக்கியம். இந்த நேரத்தில் ரெய்னாவுக்கும் அவர் குடும்பத்துக்கும் அணி துணை நிற்கும் என்பது இரண்டாவது.

‘குடும்பத்துக்கும்’ என்ற சொல் அந்த இரண்டாவது வாக்கியத்திலேயே இருந்தது. நாங்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஊரடங்கு காலம். அலுவலகம் கிடையாது, மதுரையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் விளையாட்டுப் பக்கம். ரசத்தையும் கூட்டையும் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால், சென்னையிலிருந்து நிருபர் தம்பி போன். “சார், ரெய்னா ஊருக்குப் போயிட்டாராம். காரணம் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு சார்.” அந்த ‘ஏதோ’வை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். தலைப்பு: ‘ரெய்னா திடீர் விலகல்: பின்னணி என்ன?’

சப்-எடிட்டர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ‘பின்னணி என்ன?’ என்பது எப்போதும் கையிருப்பில் உள்ள சரக்கு. மூன்று பத்தி அகலத்துக்குச் சரியாக உட்காரும். கேள்விக்குறி போட்டுவிட்டதால் நாங்கள் எதையும் சொன்னதாக ஆகாது. படிக்கிறவனுக்கோ எல்லாவற்றையும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இன்னும் கேளுங்கள். அன்றைக்கே ஏஜென்சி செய்தியில் பதான்கோட் வந்துவிட்டது. கொள்ளைக் கும்பல் தாக்குதல், ஒருவர் பலி, இறந்தவர் கிரிக்கெட் வீரர் ரெய்னாவின் உறவினர் என்று. அது எங்கள் பேப்பரில் தேசியச் செய்திகள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போனது. அவர் அவர் வீட்டில், நான் என் வீட்டில். காலையில் பேப்பரைப் பிரித்தேன். 13ஆம் பக்கம் பின்னணி என்ன என்று கேட்கிறது. 9ஆம் பக்கம், கீழ் மூலையில் ஒற்றைப் பத்தியில், பதில் சொல்கிறது. ஒரே பேப்பர். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், “என்னப்பா இது, உங்க ஆளா பாரு” என்று ஒரு குரல் கொடுத்திருப்பார்.

பால்கனிக் கதை இதற்குப் பிறகுதான் வந்தது, இதைத்தான் உங்கள் சலூன்காரரிடம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் ஓர் ஆங்கில இதழில் சி.எஸ்.கே. உரிமையாளர் என். சீனிவாசனின் பேட்டி வெளியானது. சிலருக்கு வெற்றி தலைக்கேறிவிடுகிறது என்கிற தோரணையில் அவர் பேசியதாக வந்தது. ரூம், பால்கனி எல்லாம் அந்தச் செய்தியோடு வந்த உருப்படிகள்தான். உடனேயே அவர், தான் சொன்னதைப் பிரித்தெடுத்துப் போட்டுவிட்டார்கள், ரெய்னாவுக்குத் துணை நிற்க வேண்டிய நேரம் இது என்று விளக்கம் சொன்னார். ரெய்னாவும், அவர் எனக்கு அப்பா மாதிரி, அப்பா பிள்ளையைத் திட்டலாம் என்று சொல்லி அதை முடித்துக்கொண்டார். ஆனால் விளக்கம் எந்தக் காலத்தில் சலூன் வரைக்கும் வந்திருக்கிறது?

செப்டம்பர் 1ஆம் தேதி ரெய்னாவே ட்விட்டரில் எழுதினார். மாமா கொல்லப்பட்டது, அத்தையும் அவர் மகன்கள் இருவரும் படுகாயம் அடைந்தது, அந்த மகன்களில் ஒருவர் பல நாள் போராடி முந்தின இரவு இறந்துபோனது, அத்தை இன்னும் உயிர்காக்கும் கருவியில் கிடப்பது. அன்றிரவு என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்பது இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை என்று பஞ்சாப் போலீஸிடம் முறையிட்டிருந்தார். ஆகஸ்ட் 31 என்ற தேதியைக் கவனியுங்கள். நாடு முழுக்கப் பால்கனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே ராத்திரிதான் அந்தப் பையன் போனது. செப்டம்பர் 16ல் மூன்று பேரைப் பிடித்துவிட்டதாகப் பஞ்சாப் அரசு அறிவித்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துபாய் கொரோனா பாதுகாப்பு வளையத்தின் மேல் நம்பிக்கை போனதையும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் வயதான பெற்றோரும் இருப்பதையும் ரெய்னாவே பேட்டியில் சொன்னார். சரியான காரணம் இல்லாமல் 12.5 கோடி ரூபாயை விட்டுவிட்டு எவனும் கிளம்ப மாட்டான் என்றும் சொன்னார். “பாத்தீங்களா, கொரோனா பயம்தான், மாமாவெல்லாம் சாக்கு” என்று அதற்கும் ஒரு கூட்டம் கிளம்பியது. ஏன், ஒரு மனுஷன் ஊருக்குப் புறப்பட ஒரு காரணத்துக்கு மேல் இருக்கக் கூடாதா?

கேள்வி: 19ஆம் தேதி ராத்திரி சாவு. 21ஆம் தேதி துபாய் போகிறார். 29ஆம் தேதி திரும்புகிறார். கணக்கு இடிக்கிறதே ஐயா? அதுவும் அப்பா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை, மாமாதானே? அதற்காகவா ஒரு சீசனையே விடுவார்கள்?
(வாசகர், தாம்பரம்)

பதில்: ‘மாமாதானே?’ இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. சொல்கிறேன்.

ஆங்கிலப் பேப்பர்கள் எல்லாம் ‘அங்கிள்’ என்று எழுதின. அம்மாவின் தம்பியும் அங்கிள், பெரியப்பாவும் அங்கிள், அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் அங்கிள். ரெய்னா அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதியபோதும், அத்தை என்கிற இடத்தில் ‘புவா’ என்று தன் மொழிச் சொல்லையே போட்டார். அப்பாவோடு பிறந்தவள். ஆங்கிலத்தில் சொன்னால் அந்த உறவு வெளிறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அத்தை என்றால் அத்தைதான். அப்படி இருந்தும் ‘தூரத்து உறவினர் சாவுக்காக விலகலா?’ என்று தமிழிலும் எழுதினோம்.

எனக்கு ஏழு வயதில் அப்பா பிழைப்புக்காக பம்பாய் போனார். என்னை மானாமதுரையில் அத்தை வீட்டில் விட்டார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும்வரை நான் தின்றது மாமா சம்பாதித்த சோறு. ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். கிரிக்கெட்டில் ஓவருக்கு எத்தனை பந்து என்றுகூடத் தெரியாது அவருக்கு. 1975 பொங்கல் டெஸ்ட், சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸ். விஸ்வநாத் 97 அடித்து அவுட் ஆகாமல் நின்ற அந்த நாள். எங்கள் டிரான்சிஸ்டரில் ஜன்னல் பக்கம் ஒரே ஒரு கோணத்தில்தான் கமென்டரி தெளிவாகக் கேட்கும், கொஞ்சம் அசைந்தாலும் இரைச்சல். நைட் டூட்டி முடித்து வந்த மனுஷன், தூங்கப் போகாமல், லுங்கியோடு ஜன்னலில் சாய்ந்து அதைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி நின்றார். “இன்னும் ஆடுறானா அந்தக் குட்டைப் பையன்?” என்று நடுநடுவே கேட்பார். இந்தியா மொத்தம் 190. கடைசி ஆள் அவுட் ஆனதும்தான் தோளை இறக்கினார்.

1996 மார்ச் 12ஆம் தேதி அவர் போய்விட்டார். மறுநாள் கல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் இலங்கையும். விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அப்போது நான் வேலை பார்த்த பேப்பரில் தலைவராக இருந்தவரிடம் போய் லீவு கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்: “மாமாதானே? மேட்ச் முடிஞ்சு நாளைக்குப் போயேன்.” நான் பஸ் ஏறிவிட்டேன். நீர்மாலைக்குக் குடம் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். கல்கத்தாவில் பாட்டில் பறந்ததும், இந்தியா 120க்கு 8 விக்கெட் இழந்து நிற்கும்போதே ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டதும் எனக்கு மறுநாள், காடு ஆற்றப் போகும்போது யாரோ பேசிக்கொண்டதில்தான் தெரிந்தது.

எட்டு நாள் கழித்து ஆபீசுக்கு வந்தால் ஒரு கதை எனக்காகக் காத்திருந்தது. யாரோ கொடுத்த பாஸில் நான் கல்கத்தாவுக்கே போய் மேட்ச் பார்த்தேனாம். சாவு என்பது சும்மாவாம். ஒரு நண்பர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டேவிட்டார்: “மொட்டை போடலையா?” எங்கள் பக்கத்தில் மாமாவுக்கு மருமகன் மொட்டை போடும் வழக்கம் இல்லை. தலை நிறைய முடியோடு நின்றேன். என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

இத்தனையும் பட்டவன்தான், 24 வருஷம் கழித்து ‘பின்னணி என்ன?’ என்று தலைப்பு வைத்தவன்.

உங்கள் தேதிக் கணக்குக்கு வருகிறேன். துபாயில் இறங்கியதும் எல்லா அணிகளுக்கும் ஆறு நாள் ரூமை விட்டு வெளியே வரத் தடை. முதல் நாள், மூன்றாம் நாள், ஆறாம் நாள் கொரோனா பரிசோதனை. பயிற்சி இல்லை, பக்கத்து ரூம்காரன் முகம்கூடப் பார்க்க முடியாது. ஒரு கட்டில், ஒரு போன். அந்தப் பக்கம் ஊரில் அத்தையும் பிள்ளைகளும் பிழைப்பார்களா என்று தெரியாத நிலை. 21ஆம் தேதி நம்மால் முடியும் என்று நினைத்துக் கிளம்பிய ஒருத்தருக்கு 28ஆம் தேதி முடியாமல் போவதில் எனக்கு எந்த இடிப்பும் தெரியவில்லை. சாவு வீட்டில் கல்லு மாதிரி நின்று எல்லா வேலையும் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதவர்களை நீங்கள் பார்த்ததே இல்லையா?

கேள்வி: 1999 உலகக் கோப்பையின்போது அப்பா இறந்தும் சச்சின் திரும்பிப் போய் சதம் அடித்தார். சிராஜ் ஊருக்கே வரவில்லை. அதுதானே நாட்டுப்பற்று?
(வாசகர், ஈரோடு)

பதில்: சச்சின் வீட்டுக்கு வந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். மே 19ஆம் தேதி அவர் இல்லாமல் லெஸ்டரில் ஜிம்பாப்வேயிடம் இந்தியா 3 ரன்னில் தோற்றது. அவர் மும்பையில் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். அம்மாதான் போ என்றார். 23ஆம் தேதி பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக 140, அவுட் இல்லை.

சிராஜ் கதை வேறு. 2020 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் தனிமைப்படுத்தலில் இருந்தபோது ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டிப் பிள்ளையை வளர்த்த அப்பா இறந்தார். ஊருக்குப் போகிறாயா என்று வாரியம் கேட்டது; அங்கேயே இருக்கிறேன் என்றார். மெல்போர்னில் அவருடைய முதல் டெஸ்ட், சிட்னியில் தேசிய கீதத்தின்போது கண்ணீர், பிரிஸ்பேனில் 73 ரன்னுக்கு 5 விக்கெட். ஹைதராபாத் விமான நிலையத்தில் இறங்கி நேரே போனது அப்பாவின் கபருக்கு.

போனவர் ஒருவர், போகாதவர் ஒருவர். இரண்டு பேருக்கும் கைதட்டினோம், ஏனென்றால் இரண்டு பேரும் நமக்கு ஆடிக்காட்டினார்கள். ரெய்னா ஆடவில்லை. சி.எஸ்.கே. அந்த வருஷம் எட்டு அணிகளில் ஏழாவது, முதல் தடவையாக பிளே-ஆஃப் கிடையாது. தோற்கத் தோற்க, அவர் மேல் கோபப்பட்டவர்களே ‘திரும்பி வா சின்ன தல’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாட்டுப்பற்றை இதில் எங்கே கொண்டுவருவது என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் எழுதுங்கள்.

கேள்வி: நம்ம அஸ்வினுக்கு இந்தத் தொல்லை வரவில்லையே, ஏன்?
(வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: ஒரே நாளில் காரணம் தெரிந்துவிட்டதால். 2024 பிப்ரவரி 16, ராஜ்கோட். மதியம் 500ஆவது விக்கெட், இரவு சென்னைக்குப் புறப்பாடு. குடும்பத்தில் மருத்துவ அவசரம், தனிமையை மதியுங்கள் என்று வாரியம் அறிக்கை விட்டது. அந்த வாரியத்தின் துணைத் தலைவரே கையோடு, அஸ்வினின் அம்மா நலம்பெற வாழ்த்துகிறேன் என்று எழுதிவிட்டார்! ரகசியம் காப்பதில் நமக்கு இருக்கிற சாமர்த்தியம் அவ்வளவுதான். தனி விமானம் ஏற்பாடு செய்தார்கள், கேப்டன் ரோஹித் கூடவே பிசியோவையும் அனுப்பினார். அம்மா தேறினார், டெஸ்டின் நான்காம் நாள் அஸ்வின் மைதானத்தில். அம்மா என்றால் யாரும் ‘அம்மாதானே?’ என்று கேட்பதில்லை, அதுவும் ஒரு வசதி.

கேள்வி: வெளிநாட்டு ரசிகர்களும் பத்திரிகைகளும் இதில் நம்மைவிட நாகரிகமா?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஒரே ஆளின் ஒரே வருஷத்தைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். 2022 ஏப்ரல் 18, பிறந்த இரட்டைக் குழந்தைகளில் ஆண் குழந்தை இறந்துவிட்டதாக ரொனால்டோ அறிவித்தார். மறுநாள் லிவர்பூல் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம்; அவர் வரவில்லை. அவருடைய சட்டை எண் 7. ஏழாவது நிமிடத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எழுந்து நின்று ஒரு நிமிடம் கைதட்டினார்கள், தங்கள் அணிப் பாட்டைப் பாடினார்கள். அந்த இரண்டு ஊருக்கும் உள்ள பகை தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று புரியும்.

ஜூலையில் அதே ரொனால்டோ, குடும்பக் காரணம் என்று சொல்லி அணியின் சுற்றுப்பயணத்துக்குப் போகவில்லை. கிளப்பை விட்டு ஓடப் பார்க்கிறார், வேறு இடம் தேடுகிறார் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நவம்பரில் ஒரு டிவி பேட்டியில் அவர் சொன்னது: உயிரோடு இருந்த அந்தப் பெண் குழந்தைக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தது, கிளப் நிர்வாகமே என்னை நம்பவில்லை. ஏப்ரலில் அவர் காரணத்தைச் சொல்லிவிட்டார். ஜூலையில் சொல்லவில்லை. இடையில் மூன்றே மாதம்.

கேள்வி: நான் இதழியல் படிக்கிறேன். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவர் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பது எங்கள் வேலை இல்லையா? சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?
(வாசகி, திருச்சி)

பதில்: கேளம்மா, தாராளமாகக் கேள். ஆனால் யாரிடம் என்பதுதான் விஷயம். அன்றைக்கு நாங்கள் துபாயில் இருந்தவர்களைக் கேட்டோம், சென்னையில் அணிக்கு நெருக்கமானவர்களைக் கேட்டோம், கடைசியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். செய்தி இருந்தது பதான்கோட்டில். அங்கே உள்ளூர் நிருபர் ஒருவர் போலீஸிடம் பேசி, இறந்தவரின் குடும்பத்திலேயே ஒருவரிடம் பேசி, ரெய்னாவுக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதினார். பால்கனி எதுவும் இல்லாத செய்தி அது.

பழைய பேப்பர்களில் காலமானார் பகுதி பார்ப்பவர் ஒருவர் இருப்பார். பெயர், வயது, யாருக்கு என்ன உறவு, இந்த மூன்றையும் வீட்டு ஆள் ஒருவர் வாயால் கேட்காமல் ஒரு வரி அச்சுக்குப் போகவிட மாட்டார். எங்களிடம் இருந்தவர் கட்டணம் வாங்கிக்கொண்டு போடுகிற நாலு வரி விளம்பரத்துக்கே திரும்பப் போன் போட்டுச் சரிபார்ப்பார். விளையாட்டுப் பக்கத்துக்கு அவரை யாரும் அனுப்பவில்லை.

கேள்வி: 2021ல் திரும்பி வந்த முதல் மேட்சில் ரெய்னா எவ்வளவு அடித்தார்? எனக்கும் என் அண்ணனுக்கும் 100 ரூபாய் பந்தயம். நான் அரை சதம் என்கிறேன்.
(வாசகர், குளித்தலை)

பதில்: ஏப்ரல் 10, வான்கடே, டெல்லிக்கு எதிராக. 36 பந்தில் 54, ரன் அவுட். அண்ணனிடம் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.